ஆறு சோழிகளும் ஒரு தண்டவாளத் துண்டும்

1958 ஜூன் 16, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி ஐம்பது நிமிடம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, மழை இல்லை, மணல்தான் பறந்தது. உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊரின் ஓராசிரியர் பள்ளியில், வேப்பமரத்தில் மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டின் முன்னால், கையில் இரும்புக் கம்பியோடு நான் நின்றிருந்தேன். வயது இருபத்தாறு. ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்குக் காது கேட்கிறதா இல்லையா என்பதை விஞ்ஞான முறையில் தீர்த்துவிடப் போவதாக எண்ணம்.

அன்று காலைதான் அவளைச் சேர்த்திருந்தேன். பதிவேட்டில் முப்பத்தொன்றாவது பெயர். தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தார். தாய் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து வேப்பங்கொட்டைகளை ஒரே நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லி அழைத்தேன். திரும்பவில்லை. பதினோரு தடவை அழைத்தேன். எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம், நான் எதையும் எண்ணாமல் விட்டவனில்லை. பன்னிரண்டாவது தடவைக்குப் பதிலாக அவள் தலைக்கு இரண்டு முழம் தள்ளி, பத்து மணிக்கு அடிக்க வேண்டிய மணியைப் பத்து நிமிடம் முன்னதாகவே அடித்தேன்.

காது கேட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அவள் அலறிய அலறலில் எனக்குத்தான் சற்று நேரம் காது கேட்கவில்லை. எழுந்து கடலைப் பார்த்து ஓடினாள். பின்னால் நான். பள்ளியிலிருந்து அலை வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு அடி என்று முன்பே அளந்து வைத்திருந்தேன். அந்தக் கணக்கு அன்று ஒரு காசுக்கும் உதவவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அவள் அசையாமல் நின்றாள். முழங்காலளவு தண்ணீரில் நீச்சல் தெரியாத வாத்தியார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் தாயை அழைத்து வந்தார்கள். அவர் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

இப்போது இதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருக்கிறது. என் பேத்தி செல்போனில் படித்துக் காட்டினாள். அன்று எங்களிடம் அந்தப் பெயர் இல்லை. இருந்திருந்தால் அதையும் பதிவேட்டில் எழுதிவிட்டு மணியை அடித்திருப்பேன்.

பதினைந்து வேலைநாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பதினோராவது நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரக்கத்தால் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் என் பதிவேட்டில் அதுவரை ஒரு சிவப்புக் கோடும் கிடையாது.

தாய் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்று பேசினார்.

“காது கேக்குமா கேக்காதான்னு என்னையக் கேக்க ஒங்களுக்கு வாயில்லையா வாத்தியாரே? தண்டவாளத்த விட்டுத்தான் கேக்கணுமா?”

“தப்புத்தான் தாயி. நாலு நாள் போனா பேரை அடிக்கணும். அதான் வந்தேன்.”

“அடிங்க. அதான் ஒங்களுக்கு நல்லா வருதே.” கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். பிறகு குரல் இறங்கியது. “பள்ளிக்கூடத்துலயும் வேணாமுன்னுட்டா இவளுக்கு இந்த நாலு செவருதான். அவுக வாப்பா கொழும்புலருந்து எழுதியிருக்காக, வெளிய விடாத, ஊரு சிரிக்கும்னு. நான்தான் கூட்டியாந்தேன்.”

உள்ளே வாசற்படியில் மூன்று சோழிகள் வரிசையாக இருந்தன. பிள்ளை சாப்பிட்டு முடித்துக் கைகழுவி, ஒன்றை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டாள். இரண்டு மிச்சம்.

“அது என்ன?”

“எங்க வாப்பா சங்கு எண்ணுற வேலை பாத்தவுக. நூறு சங்குக்கு ஒரு சோழி ஒதுக்கிப் போடுவாக. எம்புட்டு முடிஞ்சுச்சு, எம்புட்டு கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியுமில்ல. இவளுக்கும் அதான். குளிக்க ஒண்ணு, திங்க ஒண்ணு. என்ன வரப்போவுதுன்னு தெரிஞ்சா அழ மாட்டா. சொல்லாமக் கொள்ளாம ஒண்ணு வந்தாத்தான் பதறிப்போறா.”

“இப்படியும் ஒரு பிள்ளை உண்டா?” என்றேன்.

“நீங்க வரயில வேலி மட்டைய ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தீகளே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒங்கள யாரும் கடலுக்கு வெரட்டலையே.”

ஐம்பத்திரண்டு மட்டைகள்.

மறுநாளே அவள் வந்தாள், தாயின் இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, தண்டவாளத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டு, நாளுக்கு ஆறு பாடம் என்றால் ஜன்னல் விளிம்பில் ஆறு சோழி. பாடம் முடிய ஒன்று சிரட்டைக்குள். தண்டவாளத்துக்குப் பதிலாக ஒரு பூவரசம் பலகையை வாங்கி, கட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். ஊருக்குக் கோபம். அவர்கள் உலை வைப்பதும் இறக்குவதும் என் மணியை வைத்துத்தான். ஒரு வயதான வலைக்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். “மணிச் சத்தத்தக் காணோமே, வாத்தியாரு போய்ச் சேந்துட்டீகளோன்னு வந்தேன்” என்றார். இல்லை என்று தெரிந்ததும் ஏமாந்தவர்போலத் திரும்பிப் போனார்.

ஆனால் அந்தக் கோபம் மனுவாக வளர்ந்தது. ‘புத்தி சரியில்லாத பிள்ளைக்காகப் பள்ளியின் மணி நிறுத்தப்பட்டது, அவளை நீக்குக’ என்று மேலே எழுதிவிட்டார்கள். செப்டம்பரில், விசாரித்து முடிவுசெய்யப் பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். கதர்ச் சட்டை, குடை. மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்றார். பிள்ளையின் பெயர் இருப்பதும் போவதும் அவர் பேனாவில் இருந்தது.

நான் ஒரு தந்திரம் செய்தேன். ஐந்தாவது பாடம் தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்பது. பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்த நூற்பு எத்தகையது என்றால், என் சொந்த நூலே மூன்று முழத்துக்கு மேல் அறாமல் வந்ததில்லை. கதர்ச் சட்டைக்காரர் முன்னால் அது வேண்டாம். நான்காவது பாடம் முடிந்ததும் இரண்டு சோழிகளைச் சேர்த்துச் சிரட்டையில் போட்டுவிட்டு, “அடுத்து பாட்டு” என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். சிரட்டையிலிருந்து ஒரு சோழியை எடுத்து ஜன்னலில் வைத்தாள். நான் எடுத்து உள்ளே போட்டேன். அவள் எடுத்து வெளியே வைத்தாள். இப்படி நான்கு முறை. முப்பது பிள்ளைகளும் தலையை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்தார்கள். அவள் உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. கைகள் காதை நோக்கி ஏறின. இன்னொரு முறை நான் போட்டால் அவள் அலறுவாள், கடலுக்கு ஓடுவாள், மனு ஜெயித்துவிடும். எனக்குத் தெரிந்தது. என் கை அப்போதும் சோழியின் மேல்தான் இருந்தது.

“என்னய்யா சொல்லுது அந்தப் பிள்ளை?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கையை எடுத்தேன். “ஒரு பாடம் பாக்கி இருக்குன்னு சொல்லுது, ஐயா.”

“இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நடத்தும்.” குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அவள் காதிலிருந்து கைகளை இறக்கினாள். தக்ளிகளை எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களின் நூல் அறுந்தது; என் நூல் எல்லோருக்கும் முன்னால் அறுந்தது. அவள் மட்டும் சுழலும் தக்ளியை விட்டுக் கண்ணெடுக்காமல் நூற்றாள். நூல் ஒன்றும் பிரமாதமில்லை, முண்டும் முடிச்சும்தான். ஆனால் அறவில்லை. முடிந்ததும் தானே போய்ச் சோழியைச் சிரட்டையில் போட்டாள். அதன் பிறகு பாட்டு. பாட்டு முடிவதற்குள் மூன்று மணி பஸ் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் பார்வைப் புத்தகத்தில் நிதானமாக எழுதினார். இன்றும் மனப்பாடம்: ‘இப்பள்ளியில் கால அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றுபவர் ஒருவர் உள்ளார். அவர் ஆசிரியர் அல்லர். மேற்படி மாணவியின் பெயர் நீடிக்கட்டும். பலகையும் நீடிக்கட்டும்.’

சாயங்காலம் தாய் பிள்ளையை அழைத்துப் போக வந்தபோது இதை வாசித்துக் காட்டினேன், இரண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “நடுவுல ஒண்ணத் தாண்டிட்டீகளே வாத்தியாரே” என்றார். அந்த வீட்டில் யாரிடமும் எதையும் தாண்ட முடியாது. முழுவதும் வாசித்தேன்.

பஸ்ஸைத் தவறவிட்ட இன்ஸ்பெக்டரை ராமநாதபுரத்துக்கு அனுப்ப வண்டி பிடித்தது என் பொறுப்பாயிற்று: இரண்டு ரூபாய் ஐம்பது நயா பைசா. அவர் குடித்த இளநீர் இரண்டு, முப்பத்தேழு நயா பைசா. பூவரசம் பலகை எழுபத்தைந்து. பதிவேட்டில் அந்தப் பெயர் நிற்க எனக்கு ஆன செலவு, ஆக மொத்தம் மூன்று ரூபாய் அறுபத்திரண்டு நயா பைசா.