மூன்று முறை சூடேற்றிய கை

செனாய் தொழிற்சாலையின் பேஸ்பால் குழுவில், முதல் பந்து வீச்சாளர் களைத்தால் அவருக்குப் பதிலாக இறங்கி வீசுவதுதான் என் வேலை. அன்று அவர் தடுமாறும்போதெல்லாம் என்னைத் தயாராகச் சொன்னார்கள். மூன்று முறை எழுந்து, ஓரமாக நின்று முழு வேகத்தில் பல பந்துகள் வீசிக் கையைச் சூடேற்றிவிட்டு, இறங்காமலே உட்கார்ந்தேன். அந்த வீச்சுகளை யாரும் எண்ணுவதில்லை.

கடைசியில் கூப்பிட்டபோது தோள் கொதித்தது.

"கை எப்படி?" என்றார் கோச்.

"ஓகே, கோச்."

குழுவோடு எனக்கிருந்த ஒப்பந்தம் அந்த மாதம் முடிய இருந்தது; நன்றாக வீசினால்தான் நீட்டிப்பார்கள். வீட்டில் முதலில் படித்தவன் நான்; எல்லாரும் என்னையே நம்பியிருந்தார்கள். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

இரண்டு பந்துதான் வீசினேன். பந்து பிடிக்கும் குமார் ஓடி வந்தான்.

"டேய், பந்து வந்து சேரவே இல்ல லா. வலிக்குதா?"

"போடா, போய் உன் வேலையப் பாரு."

அவன் கோச்சைக் கூப்பிட்டான். "இவனுக்குத் தோள் போச்சு, கோச். எடுத்துடுங்க."

அடிக்கலாம் போலிருந்தது, கை மேலே ஏறவில்லை.

ஒப்பந்தம் போனது. தோள் தேறியது. குமாருக்கு நன்றி சொல்லத்தான் எனக்கு ஓராண்டு ஆனது.