அத்தை மெலிந்த மூன்று மாதங்கள்

என் அத்தையைப் பெண் பார்க்க வந்த இரண்டாவது வீட்டார், அம்மா செய்த கேக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு நல்ல பொண்ணுதான், உடம்புதான் ஜாஸ்தி" என்று எங்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை அப்பாவின் தங்கை. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்களோடு இருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு ஒன்பது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

அவளோடு வேலை பார்த்த இன்னொரு டீச்சர்தான் அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். பசி எடுக்காது, உடம்பு தானாக இளைக்கும். தலைவலி மாத்திரை மாதிரி, மருந்துக்கடையில் கேட்டால் யாருக்கும் கொடுத்துவிடுவார்கள். அத்தையும் எங்கள் தெருமுனைக் கடையில் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பத்தே நாளில் அத்தை வேறு ஆளாகிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். ஜன்னல் திரைகளைத் துவைத்தாள். துவைத்த திரைகளையே மறுநாளும் துவைத்தாள். மற்ற டீச்சர்களின் நோட்டுகளையும் கேட்டு வாங்கிவந்து திருத்தினாள். அவள் சரியாகத் தூங்குவதே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. "இப்பத்தான் இவளுக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லிப் பூரித்தாள்.

அம்மாவைவிட எனக்குத்தான் அதிகச் சந்தோஷம். வாடகை சைக்கிள் எடுத்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள் அத்தை. லிங்கராஜபுரம்வரை சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தாள். ஓடிக்கொண்டே கதை சொன்னாள். ஒரு கதை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும்.

ஒருநாள் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "எப்படி ஓடுது பாரு" என்றாள். உள்ளே ஓர் அணில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எந்நேரமும் பல்லை நறநறவென்று கடித்தாள். நகத்தைச் சுற்றியிருந்த தோலை ரத்தம் வரும்வரை உரித்தாள். எதிர்வீட்டில் யாராவது சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று ஜன்னலைச் சாத்தினாள். மூன்றாவதாக வந்த வீட்டாருக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்த வாரம்தான் மருந்துக்கடைக்காரர் மாத்திரை தர மறுத்தார். நானும் கூட இருந்தேன்.

"இத விஷ மருந்து லிஸ்ட்டுல சேத்துட்டாங்கம்மா. இனிமே டாக்டர் சீட்டு வேணும். யாருக்குக் குடுத்தேன், எத்தனை குடுத்தேன்னு நான் ரிஜிஸ்டர்ல எழுதணும்."

"போன வாரம் மருந்து, இந்த வாரம் விஷமா?" என்று அத்தை சீறினாள்.

"போன வாரமும் இதே மாத்திரைதாம்மா. சர்க்காருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர், அவளுடைய விரல்களைப் பார்த்தபடி.

என்னை இழுத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் அதே பதில். இரண்டு நாள் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மூன்றாம் நாள், முன்பு என் இருமலுக்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டை வைத்துக்கொண்டு, அதேபோல ஒன்று எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"கேட்டா அம்மாவுக்குன்னு சொல்லு. ஓடு!"

ஓடினேன். மருந்துக்கடைக்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்த டாக்டரு பாப்பா இவ்ளோ அழகா எழுதறாரு?"

"எங்க அத்தை எழுத்து எப்பவுமே அழகுதான்" என்றேன் பெருமையாக.

அவர் கடையைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து அப்பா வந்திருந்தார்.

"சட்டப்படி இத போலீஸ்ல குடுக்கணும் சார். குடுத்தா டீச்சரம்மாவுக்கு வேலை போயிடும், அதனால கிழிச்சிடறேன். ஆனா டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரை நின்னா ரொம்பத் துவண்டுடுவாங்க. தனியா விடாதீங்க."

அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். அறைக்குள்ளிருந்து அத்தை வந்தாள்.

"குண்டா இருந்தா அவங்க சொல்லிக்காட்டறாங்க. இளைச்சா நீங்க போலீஸ்ங்கறீங்க. நான் என்னதான் பண்றது அண்ணா?"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மருந்துக்கடைக்காரர் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு அத்தை தூங்கினாள். மூன்று நாள் தூங்கினாள். டாக்டர் வந்து பார்த்தார். கஞ்சிக்கு எழுப்பினால் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். எழுந்த பிறகும் சுவரையே பார்த்தபடி இருந்தாள். பிறகு பசி வந்தது, பழைய உடம்பும் வந்தது. டைபாய்டு என்று சொல்லி நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்டிருந்தார் அப்பா. அந்த வீட்டார் நலம் விசாரிக்க வந்தார்கள், அத்தையைப் பார்த்தார்கள், காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தப் பள்ளியிலேயே தலைமையாசிரியையாகி ஓய்வுபெற்று, நெடுங்காலம் இருந்தாள்.

ஆனால் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்த என் அத்தையை அந்த மருந்துக்கடைக்காரர் பிடுங்கிக்கொண்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் விடமாட்டார். கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"அத்தை நல்லாத் தூங்கறாங்களா பாப்பா?"

வீட்டுக்கு வந்த மற்ற எல்லோரும் அவள் இளைத்தாளா என்று கேட்டார்கள். இவர் மட்டும் ஏன் ஒன்றுமில்லாத விஷயத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, பதில் சொல்லாமலே ஓடிவிடுவேன்.