பெஞ்சில் காலியாக இருந்த இடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பெட்டியில் போடாத சீட்டை மைக்கில் வாசித்தார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள்.

ஜெனிக்கு மூன்றரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை என்று இந்தக் குரூப்பில் இரண்டு முறை புலம்பியிருக்கிறேன். காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்து ஷூ கம்பெனி சங்கு ஊதினால் வாசலுக்கு ஓடுகிறாள். ஆனால் ஒரு ‘அம்மா’ இல்லை. வாரா வாரம் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறி, பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். ‘நீங்க பேசிக்கிட்டே இருங்க, கேள்வி கேட்டுக்கிட்டே இருங்க’ என்று பயிற்சி தரும் மேடம் சொல்லியிருக்கிறார். நானும் கேட்கிறேன். தோசை வேணுமா? காக்கா எங்கே? பதில் வராத வீட்டில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் தெரியுமா? நம் குரலே நமக்குப் பயமாகிவிடும்.

நான் பிராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண். வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில். கல்யாணத்தின்போது இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. குழந்தை பேசவில்லை என்றதும்தான் வீட்டில் கேள்வி வந்தது. யாரிடம் கேட்பது?

ஸ்டெல்லா அண்ணி, என் கணவரின் அக்கா, கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறவர். அவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. அந்தோணியார்தான். செவ்வாய்தோறும் கோயிலில் அவருக்கு நவநாள் ஜெபம். அங்கே பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டால், பேர் சொல்லாமல் எல்லார் முன்னாலும் வாசித்து மன்றாடுவார்கள்; நன்றிச் சீட்டையும் வாசிப்பார்கள்.

“நான் நேரா ஆண்டவர்கிட்டயே கேட்டுக்கறேன் அண்ணி” என்றேன்.

“லீவு வேணும்னா நேரா எம்.டி. ரூமுக்கா போவ? சூப்பர்வைசர்கிட்ட சொன்னா ஆவாதா?”

“எம்.டி. எங்க அப்பாவா இருந்தா நேராத்தான் போவேன்.”

அண்ணி சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. “உங்க பாஸ்டருக்கு மட்டும் போன் போட்டு, ‘பாப்பாவுக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா’ன்னு சொல்றியே, அது இன்னா? அவர் உயிரோட இருக்காரு, இவர் செத்துட்டாரு. அவ்ளோதான வித்தியாசம்?”

அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் பயமும் அங்கேதான். எப்போதோ இறந்துபோன ஒருவரை, வா, என் குழந்தையைக் கவனி என்று கூப்பிட்டு... அவர் வந்துவிட்டால்?

இருந்தாலும் திங்கட்கிழமை ஒரு சீட்டு எழுதினேன். எழுதும்போது பழக்கதோஷம். எங்கள் சபையில் கேட்பதற்கு முன்பே விசுவாசத்தோடு நன்றி சொல்லிவிடுவார்கள். அதனால், ‘மூன்றரை வயது மகள் வாய் திறந்து பேசியதற்காக ஸ்தோத்திரம். ஒரு தாய்’ என்று எழுதிவிட்டேன். யார் பெயரையும் போடவில்லை. ஆண்டவருக்கா, அந்தோணியாருக்கா... எனக்கே தெரியவில்லை. மடித்து என் பைபிளுக்குள் வைத்தேன்.

மறுநாள் மாலை கோயிலில் நல்ல கூட்டம். பைபிளும் கையுமாகப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். சீட்டை எடுத்துப் போட மனசு வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அண்ணி ஒரு பக்கம், என் மடியில் ஜெனி. இன்னொரு பக்கம் பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலி. தூணோரம் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். வந்து உட்காரச் சொல்லி சைகை காட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கோயில் உபதேசியார் மைக்கில் நன்றிச் சீட்டுகளை வாசிக்க ஆரம்பித்தார். வேலை கிடைத்ததற்கு நன்றி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி. அடுத்த சீட்டில் கொஞ்சம் தடுமாறினார்.

“மூன்றரை வயது மகள்... வாய் திறந்து பேசியதற்காக... ஸ்தோத்திரம். ஒரு தாய்.”

அந்தக் கோயிலில் ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். முன் பெஞ்சுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“எப்ப பேசுனா? எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்றார் அண்ணி, காதோரம்.

“பேசலையே அண்ணி.”

நடக்காத ஒன்றுக்கு ஊரறிய நன்றி சொல்லியாகிவிட்டது. இது பொய் இல்லையா? இதற்காகவே என் மகளுக்குப் பேச்சு வராமலே போய்விட்டால்? பைபிளைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினேன். சீட்டு இல்லை.

பதில் வராது என்று தெரிந்தும், பழக்கத்தில் கேட்டேன். “பாப்பா, இதுல இருந்த பேப்பர் எங்க?”

“குடுத்தேன்.”

மழலை இல்லை. திக்கல் இல்லை. தினமும் பேசுகிற பிள்ளை பேசுவதுபோல.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவள் முகத்தருகே குனிந்தேன். “யாருக்குக் குடுத்த கண்ணு?”

ஜெனி அந்தோணியார் சுரூபத்தைப் பார்க்கவில்லை. பீடத்துக்கு மேலே தொங்கும் சிலுவையையும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் கை காட்டினாள்.

பூசை முடிந்து கிளம்பும்போது தூணோரம் நின்ற பெண்ணிடம், ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “அங்கதான் ஆளு இருந்துச்சேக்கா” என்றாள்.

உபதேசியாரிடமும் கேட்டேன். சீட்டு பெட்டிக்குள்தான் இருந்ததாம். பெட்டி என் தோள் உயரம். ஜெனிக்கு எட்டாது. கீழே விழுந்ததை யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள் என்றார். இருக்கலாம். சில பிள்ளைகள் சொற்களைச் சேர்த்து வைத்திருந்து ஒரு நாள் திடீரென்று பேசும், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார் வேலூர் மேடம். அதுவும் இருக்கலாம். என் அம்மா போனில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அண்ணி அந்தோணியாருக்கு மாலை போட்டார். யாருடைய நன்றி சரி என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஜெனி இப்போது தண்ணி கேட்கிறாள். வேணாம் என்கிறாள். அம்மா என்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுவேன். அன்று பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்டால் மட்டும், என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுகிறாள்.

நீ இப்போது யாரிடம் ஜெபிக்கிறாய் என்று கேட்பீர்கள். தெரியாது. கோயிலில் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காருகிறேன்... அவ்வளவுதான்.