ஒஸாகாவுக்கு நான் எழுதியவை நான்கு

நான் பொய்க்குப் பேர்போனவன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் பிரின்சிபாலின் கையெழுத்திலேயே அவருடைய ராஜினாமாக் கடிதத்தை எழுதி ஒட்டினேன். இரண்டு லெக்சரர்கள் அதை நம்பி மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இது நடந்தது. 1994-ல், மைசூர் அக்ரஹாரத்தில், எங்கள் வீட்டில். தேதி, மணி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். பொய் சொல்லும்போது நான் இவ்வளவு சிரமப்படுவதில்லை.

என் பெயர் ஆழ்வார். குணத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. வீட்டில் அப்பா, அண்ணா யதுநந்தன், மன்னி மேதா, நான். அம்மா எப்போதோ போய்விட்டாள். அண்ணா ஒரு கம்பெனியில் என்ஜினீயர். அந்த வருஷம் ஏப்ரல் மூன்றாம் தேதி, ஆறு மாதப் பயிற்சிக்காக ஜப்பானில் ஒஸாகா நகரத்துக்குப் போனான். மன்னி மொட்டை மாடியில் நின்று, ஆட்டோ திரும்பும்வரை கையாட்டினாள்.

மே மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் 2.20-க்கு மன்னி இறந்துபோனாள். எட்டு நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"யதுவுக்குச் சொல்ல வேண்டாம்."

"அப்பா..."

"சொன்னா ஓடி வருவான். பாதியில வந்தா அந்த வேலை இன்னொருத்தனுக்கு. வந்துதான் எதைப் பார்க்கப் போறான்? சாம்பல். அக்டோபர்லயும் அதே சாம்பல்தான்."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பிரின்சிபால் மாதிரி எழுதத் தெரிஞ்சவன்தானே நீ? அவ மாதிரி எழுத வராதா?"

"வரும்" என்றேன். மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணா இல்லாததால் மன்னிக்குக் கொள்ளி வைத்ததும் நான்தான். புருஷன் எங்கே என்று வாத்தியார் கேட்டார். அப்பா காதில் வாங்கவில்லை. நான் பூணூலை இடம் மாற்றிக்கொண்டேன். மன்னிக்குத் தாய் தகப்பன் இல்லை. மேலுக்கோட்டையில் ஒரு மாமா. அவரைச் சமாளிப்பது அப்பாவுக்குக் கஷ்டமாக இல்லை.

ஆக, மாதத்தில் ஒரு நாள், திதியன்று, காலையில் மன்னிக்குப் பிண்டம் வைப்பேன். சாயங்காலம் மன்னியாகக் கடிதம் எழுதுவேன். ஒரே கை. நடுவில் நன்றாகக் கழுவிக்கொள்வேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு சிக்கல். புருஷனுக்கு மன்னி என்ன எழுதுவாள்? எனக்கு எப்படித் தெரியும்? லைப்ரரியில் ஜப்பான் சுற்றுலாக் கையேடு ஒன்று கிடைத்தது. வழி பிறந்தது. அண்ணாவை ஊர் சுற்ற அனுப்பிவிடலாம். கோவில் கோவிலாக ஏறி இறங்கினால் வீட்டைப் பற்றிக் கேள்வி கேட்க நேரம் இருக்காது. வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் தாள் பத்து வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். மன்னியின் ஹீரோ இங்க் பேனாவில், மன்னியின் சாய்ந்த எழுத்தில் எழுதினேன். எங்கள் வீட்டில் தமிழைக் கன்னட எழுத்தில்தான் எழுதுவோம். இப்போது நீங்கள் படிக்கிற எழுத்து, தமிழ்ச் சங்கத்து ஞாயிறு வகுப்பில் எனக்கு வந்தது.

ஜூனில் முதல் கடிதம். 'சுமியோஷி கோவிலில் வில் மாதிரி வளைந்த சிவப்புப் பாலம் இருக்கிறதாம். ஏறும்போது எத்தனை படி, இறங்கும்போது எத்தனை படி, எண்ணி எழுதுங்கள்.'

அண்ணா போனான். எண்ணினான். எழுதினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஜூலையில் இரண்டாவது. 'ஷிதென்னோஜி கோவில் குளத்தில் ஆமைகள் இருக்கிறதாம். அதில் மகா சோம்பேறியைப் பார்த்து ஆழ்வார் என்று பேர் வையுங்கள்.' பன்னிரண்டு நாளில் ஆமையின் போட்டோ வந்தது. அண்ணாவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கோவிலைத் தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் தப்பு ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வந்தது.

அண்ணாவின் கடிதம். ஆமை விஷயத்துக்குப் பிறகு இப்படி எழுதியிருந்தான்: 'நீ சொன்ன சந்துக் கோவிலை நேற்றுக் கண்டுபிடித்துவிட்டேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது திருப்பம், பாத்திரக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில். நீ எழுதியபடியே இருக்கிறது. என் அறையிலிருந்து பத்து நிமிஷம்தான். நான் நாலு மாதமாகப் பார்க்கவில்லை. மைசூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது?'

நான் எந்தச் சந்துக் கோவிலையும் பற்றி எழுதவில்லை.

லைப்ரரிக்கு ஓடினேன். மணி 4.10. கையேட்டில் ஒஸாகா வரைபடத்தைப் பிரித்தேன். அண்ணா இருக்கிற பேட்டை அதில் வெறும் வெள்ளைக் கட்டம். ஒரு கோவிலும் இல்லை. ஒரு தெருப் பெயர்கூட இல்லை.

அண்ணா ஏதோ குழப்பிக்கொண்டான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தேன். பத்தில் இரண்டு போக எட்டு ஏரோகிராம் இருக்க வேண்டும்.

ஏழு இருந்தன.

என் நடுவிரலில் நீல இங்க் கறை. அன்றைக்கு நான் பேனாவையே தொடவில்லை.

சரி, கல்லூரியில் யாருடைய பேனாவாவது கசிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எனக்குப் பொய் சுலபமாக வரும். எனக்கு நானே சொல்லிக்கொள்வதும்.

ஆகஸ்டில் மூன்றாவதை எழுதினேன். ஹோஸென்ஜி கோவிலில் உடம்பு முழுக்கப் பாசி படிந்த ஒரு சாமி. வருகிறவர்கள் எல்லாம் அதன் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். 'நீங்களும் ஊற்றுங்கள்' என்றேன். அவ்வளவே எழுதினேன். நானே ஒட்டினேன். நானே தபால்பெட்டியில் போட்டேன்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி பதில் வந்தது. பாசிச் சாமியைப் பற்றி ஒரு வரி. உள்ளே ஒரு போட்டோ.

சின்னச் சந்து. மர மாடம். மாடத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கல் உருவங்கள். மொட்டைத் தலை, மூடின கண். ஒவ்வொன்றின் கழுத்திலும், குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டுவோமே, அந்த மாதிரி ஒரு சிவப்புத் துணி. எல்லாம் வெளுத்துப்போன சிவப்பு. கடைசி உருவத்தின் துணி மட்டும் புத்தம் புதுசு.

போட்டோவின் பின்னால் அண்ணாவின் எழுத்து: 'நீ கேட்டபடி கட்டிவிட்டேன். யாருக்கு என்று மட்டும் சொல்லவே இல்லையே.'

டிராயரைத் திறந்தேன்.

ஏழில் ஒன்று போக ஆறு இருக்க வேண்டும்.

ஐந்து.

அப்பாவிடம் சொன்னேன். போட்டோவை வாங்கிப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்தார். "தூக்கிப் போடு இதை" என்றார். "இன்னும் ஒரு மாசம்தான். ஒழுங்கா எழுது. உன் குறும்பெல்லாம் இதுல வேண்டாம்."

என் குறும்பு என்றே நினைத்துவிட்டார். அல்லது அப்படி நினைக்க ஆசைப்பட்டார்.

அந்த வாரமே கடைசிக் கடிதத்தை எழுதினேன். நான்காவது. எந்தக் கோவிலும் சொல்லவில்லை. 'சீக்கிரம் வாருங்கள்' என்று மட்டும்.

செப்டம்பர் 11. ஞாயிறு. சாயங்காலம் 6.10.

எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. எதிர்வீட்டுக் கௌரம்மாவின் வீட்டுக்குத்தான் அண்ணா எப்போதாவது கூப்பிடுவான். கௌரம்மா கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார். வாசலில் நின்று கத்தினார்.

"ஆழ்வார்! பேக பாரோ, சீக்கிரம்! ஜப்பான் ஃபோன்!"

ஓடினேன். பொய் தயாராக இருந்தது. மன்னி கோவிலுக்குப் போயிருக்கிறாள். போன தடவையும் அதே கோவில்தான்.

கூடத்தில் யாரும் இல்லை. ரிசீவர் மேஜை மேல் படுத்திருந்தது. எடுத்தேன்.

"அண்ணா, மன்னி கோவிலுக்கு..."

"என்னடா உளர்றே? இப்பத்தானே பேசினா."

"இப்பவா?"

"ரெண்டு நிமிஷம் பேசினா. ஆழ்வார் வரான், அவன்கிட்ட குடுக்கறேன்னா. குரல்தான் கரகரன்னு இருந்தது. காஸ் தீர்ந்துபோச்சா? விறகு அடுப்பா? புகை குடிச்சவ மாதிரி பேசறாடா."

திரும்பிக் கூடத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

"கை வலின்னு உன்னைத்தான் எழுதச் சொல்றாளாமே? அவ சொல்லச் சொல்ல நீ எழுதறயாமே? நல்ல பிள்ளைடா நீ."

லைன் துண்டாகிவிட்டது.

கௌரம்மா உள்ளே வந்தார்.

"யாரு பேசினது?" என்று கேட்டேன்.

"யாரு பேசுவா? நான் ஒப்பளே, தனியாதானே இருக்கேன். ரிசீவரை வெச்சுட்டு உன்னைக் கூப்பிட வாசலுக்கு வந்தேன். உள்ள ஒரு ஆளும் இல்ல கணோ." மூக்கைச் சுளித்தார். "அது என்ன வாசனை? எங்கயோ எரியறது..."

ரிசீவரைப் பார்த்தேன்.

அதன் மேல் விரல் தடம்.

சாம்பல்.

எனக்கு அந்தச் சாம்பல் தெரியும். மே மாதம் அதைப் பானையில் அள்ளினவன் நான்.

அக்டோபர் இரண்டாம் தேதி, காலை 8.30-க்கு அண்ணா வந்தான். ஊர் முழுக்க தசராவுக்கு சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலிலேயே மறித்தார்.

"உள்ள வராதே. முதல்ல குளி."

அண்ணா சிரித்தான். "ஏன்ப்பா, கடல் தாண்டினதுக்கா?"

கிணற்றடியில் நிற்க வைத்து, தலையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, ஐந்தாவது வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா விஷயத்தைச் சொன்னார். அண்ணா கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். முகம் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தது.

பிறகு ஈர வேஷ்டியோடு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தான். மன்னிக்கு வாங்கின குடை, விசிறி, எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்துத் தரையில் பரப்பினான்.

ஏழு கடிதம்.

"நாலு அவ எழுதினது. மூணு நீ எழுதினது" என்றான்.

"இல்ல அண்ணா. அந்த நாலுதான் நான் எழுதினது."

"அப்போ இந்த மூணு?"

குனிந்து பார்த்தேன். ஹீரோ பேனா. மைசூர் முத்திரை. மன்னியின் சாய்ந்த எழுத்து இல்லை.

என் எழுத்து.

போலி செய்யாத, நான் பரீட்சையில் எழுதுகிற அதே எழுத்து.

முதலாவதில் சந்துக் கோவிலுக்கு வழி. இரண்டாவதில், கடைசி உருவத்துக்குத் துணி இல்லை, சிவப்பில் ஒன்று வாங்கிக் கட்டுங்கள், சின்னதாக.

மூன்றாவதில் ஒரே வரி.

'யாருக்கு என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.'

அண்ணா திரும்பினான். கடிதத்தை அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தார். டாக்டர் அவரிடம் மட்டும் சொன்ன விஷயம். எங்கள் யாருக்கும் தெரியாது. மன்னிக்கே கடைசி நாளில்தான் தெரிந்ததாம். அண்ணாவுக்குக் கடிதம் எழுத வேண்டும், காகிதம் கொடுங்கள் என்று கேட்டாளாம். அப்பா கொடுக்கவில்லை.

பத்து வாரக் கர்ப்பம்.

அந்தச் சிவப்புத் துணிக் கல் உருவங்களை அங்கே பிறக்காமல் போன குழந்தைகளுக்காக வைப்பார்கள் என்று பிறகு லைப்ரரியில் படித்தேன். அண்ணா ஜனவரியில் ஒஸாகாவுக்கே திரும்பப் போய்விட்டான். எங்களோடு பேசுவதில்லை. ஆனால் மாதம் ஒரு கடிதம் வருகிறது. விலாசத்தில் சௌபாக்கியவதி மேதா என்று இருக்கும். அவள் இறந்தது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பதில் போடுகிறான். நீ சொன்ன கோவிலுக்குப் போனேன், நீ சொன்ன தெருவில் நடந்தேன் என்று.

இப்போது 1997. ஹீரோ பேனாவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரியில் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ஏரோகிராம் இல்லை. இங்க் புட்டி இல்லை. நான் எழுதுவதில்லை. ஆனாலும் திதி கழிந்த காலைகளில் வலது கை நடுவிரலில் நீலம்.

நாலு மாதமாக, திதியன்று ராத்திரி, வலது கையைக் கொடிக் கயிற்றால் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு படுக்கிறேன். முடிச்சை அப்பா போடுகிறார். காலையில் அவரே அவிழ்க்கிறார். முடிச்சு ஒரு தடவையும் இளகியதில்லை. விரலில் நீலமும் இல்லை. அண்ணாவின் கடிதமும் நின்றது. மூன்று மாதம் நிம்மதி.

நேற்று மத்தியானம் 1.40-க்குத் தபால்காரர் வந்தார். அண்ணாவின் கடிதம்.

'மேதா, நீ சொன்ன மலைக்கோவிலுக்குப் போய் வந்தேன். உன் எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு கிடக்கிறது? படிக்கவே முடியவில்லை. இந்தத் தடவை அவனை இடது கையால் எழுத வைத்தாயா?'