தைஸ்தோவின் ஏற்றத்துத் தலைவலி

என் அண்ணன் தைஸ்தோ எங்கள் குளிர்நாட்டு ஊரான குஹ்மோவில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். வேலை முடிந்தால் காட்டுக்குள் பனிச்சறுக்கு. மார்ச் மாத அறுபது கிலோமீட்டர் போட்டியைப் பத்தொன்பது முறை முடித்தவர். இருபதாவது முறைக்கு ஒரு பதக்கம் தருவார்கள். அதற்காகவே உயிரை வைத்திருந்தார். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் பெரிய பங்கு அவருக்கு.

ஐம்பது வயதில் தலைவலி வந்தது. ஏற்றத்தில் முக்கி ஏறினால் இரண்டு பொட்டும் விண்விண்ணென்று தெறிக்கும், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ரைலி அண்ணி சும்மா விடவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். கார் ஓட்டியது நான். தலையைப் படம் எடுத்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை.

நர்ஸ் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "எடுத்த எடுப்புல வேகம் புடிக்காதீங்க. இருபது நிமிஷம் மெதுவா போய் உடம்பைச் சூடாக்கிக்குங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க. ஆனா திடீர்னு இடி விழுந்த மாதிரி வலிச்சா அது வேற சங்கதி. அப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

அண்ணன் அப்படியே செய்தார்.

"என்னண்ணே, கிழவி நடை நடக்கறே?" என்று கிண்டல் செய்வேன்.

"நீ முன்னால போடா. தலை என்னோடது."

இரண்டு குளிர்காலம் வலி எட்டிப் பார்க்கவில்லை.

போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. சனிக்கிழமை மதியம் கடைசி ஏற்றத்தின் உச்சியில் அண்ணன் சட்டென்று நின்று பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ கோடாலியால போட்ட மாதிரி இருக்குடா."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"படுக்க வச்சுட்டான்னா போட்டி போச்சு. சவுனாவுல உட்கார்ந்தா சரியாயிடும். ரைலிகிட்ட மூச்சு விடாதே."

சவுனா என்னும் ஆவிக் குளியலுக்கும் சாராயத்துக்கும் பைன் மரத் தாருக்கும் அடங்காத நோய் ஆளைக் கொல்லும் என்பார்கள் எங்கள் ஊரில். அந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் டாக்டர். படித்த மடையன் நானும் தலையாட்டினேன்.

சவுனாவில் யார் முதலில் எழுந்து வெளியே போகிறாரோ அவர் தோற்றவர். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் இருந்த பந்தயம் அது. அண்ணன் வெளிச்சம் கூசுகிறதென்று கண்ணை மூடிக்கொண்டார். கொதிக்கும் கல்லில் மூன்று கரண்டி தண்ணீர் ஊற்றினேன்.

"போதுமா?"

"இன்னொண்ணு ஊத்து."

ஊற்றினேன். ஆவி காதைச் சுட்டது. அண்ணன் மெல்லப் பலகையில் சாய்ந்தார்.

"தோத்துட்டியா அண்ணே?" என்று சிரித்தேன். பதில் இல்லை. அப்புறமும் ஒரு நிமிஷம் ஜெயித்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நடையில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தத்துலேயே வலிச்சுதா?"

"ஆமா அண்ணி."

"நர்ஸ் சொன்னப்போ நீயும்தானே இருந்தே?"

"ஆமா."

அண்ணி எழுந்து போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.