ஐந்து தலைப்புகள்

பத்தாவது படிக்கும் என் மகள் அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் தோற்றுப்போனாள். மற்ற பாடங்களில் குறையில்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவன். இவளும் நின்றுவிடுவாளோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. மறுநாள் செராமிக் கம்பெனியில் மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வேறு யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்றுகூட வழியெல்லாம் நினைத்தேன்.

டீச்சர் தாளைப் பிரித்துக் காட்டினார். அவள் கையெழுத்துதான். ஆங்கிலேயர் ரயில் பாதை போட்டதற்கான காரணங்கள், ஐந்து மதிப்பெண். புத்தகத்தில் அதற்கு ஐந்து தலைப்புகள். இவள் தலைப்பே போடாமல், நம் ஊர் ஜங்ஷனில் ஆரம்பித்து, இங்கே விளைந்தது எப்படித் துறைமுகத்துக்குப் போனது, கப்பலில் வந்த துணி எப்படி இங்கே விலைக்கு வந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கிடைத்தது ஒரு மதிப்பெண். மற்ற ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கும் இப்படியேதான்.

“எழுதினது தப்புங்களா டீச்சர்?”

“தப்புன்னு சொல்லலீங்க. நல்லாத்தான் எழுதியிருக்குது. ஆனா பப்ளிக் பேப்பரை வேற ஊர்ல யாரோ திருத்துவாங்க. கட்டுக்கட்டா கிடக்கும். தலைப்பு இருக்குதான்னு பார்த்து டிக் போடுவாங்க. இதைப் படிச்சிப் பாருங்கன்னு சொல்ல நான் கூடவே போக முடியுங்களா?”

முடியாதுதான். கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று மாலையே மகளிடம் சொன்னேன்.

“தலைப்பு போட்டு எழுதிடும்மா. கதையெல்லாம் வேணாம்.”

“கதை இல்லப்பா, நடந்தது. புத்தகத்துல ‘நிர்வாக வசதி’ன்னு மட்டும் போட்டிருக்குது. யாருக்கு வசதின்னு கேட்டா, பரீட்சைக்கு வராதுங்கறாங்க மிஸ்ஸு.”

“வராததை எதுக்குக் கேக்கற? பாஸ் பண்ணிட்டு அப்புறம் கேளு.”

“அப்புறம் யார்கிட்ட கேக்கறது, உங்கிட்டயா? லெவன்த்துல நான் காமர்ஸு.”

புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதற்குமேல் வாதாடவில்லை. கூடத்தில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தாள். மூன்றாவது தலைப்பு மறந்தால் நாலாவதுக்குப் போக வராது, திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். திருப்புதல் தேர்வில் பாஸ். அந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் முழு மதிப்பெண். அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இப்போது அவள் வகுப்பில் எதுவும் கேட்பதில்லை. வீட்டிலும் கேட்பதில்லை. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தலைப்புகளை மட்டும் கேட்கிறேன், என் முகத்தைப் பார்க்காமல் ஒப்பிக்கிறாள். பரீட்சை முடியும்வரை இப்படியே போய்விட்டால் போதும் என்று இருக்கிறது.