ஜி வரிசையில் எங்கள் பாடு

தியேட்டரில் என் நம்பர் போட்ட சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் நான் சண்டை போடுவேன். இளித்துக்கொண்டு "எக்ஸ்க்யூஸ் மீ" சொல்லும் வழக்கமெல்லாம் என்னிடம் கிடையாது. "பக்கத்துல காலியாத்தானே இருக்கு, விடேன்" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார். அவருக்கும் சேர்த்து விழும். காலியாக இருந்தால் அங்கே அவர்கள் போகட்டும், நான் எதற்குப் போக வேண்டும்? பொல்லாத பொம்பளை என்று பின்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழும். முணுமுணுக்கட்டும். ஒன்பது வயதில் வந்த கோபம் இது, லேசில் போகாது.

அப்போது நாங்கள் பழவேற்காட்டில், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஏரியில் எறா, அதாவது இறால், பிடிக்கிற தொழில். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எறா நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம், ஆட்கள் நிறைய. அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இந்த இடம் இன்றைக்கு இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்கும் அந்த இடத்துக்கும் சேர்த்து ஒரே பெயர்தான், பாடு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை போடக் கூடாது. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் கூடாது. ஒருமுறை வெளியூர்க்காரர்கள் சிலர் வந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பாட்டில் வலை கட்டக் கழி ஊன்றிவிட்டார்கள். அது நைனாவின் பாடுகூட இல்லை. ஆனாலும் நைனா தண்ணீரில் குதித்து, இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு, கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். அப்போது அவர் வாயில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கரையில் நின்று பார்த்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்த வருஷம் சென்னையில் ஒரு பெரிய மாலில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாலு மாடி முழுக்கக் கடைகள், அதற்கு மேலே தியேட்டர். அங்கே டார்ச் அடித்து ஆட்களைச் சீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிற வேலை. மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். தம்பி ஷூவும் டையும் போட்டுக்கொண்டு நிற்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நைனாவை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பொங்கல் முடிந்த மறுநாள் போவது என்று முடிவானது. மாமாவே போனில் டிக்கெட் போட்டார். ஓசி டிக்கெட் இல்லை, நைனா காசு கொடுத்த டிக்கெட். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் யாரும் நாங்கள் ஓசியில் போனோம் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தத் தியேட்டர் மேனேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தான். வேலை பார்க்கிறவர்களின் வீட்டு ஆட்கள் பண்டிகை நாட்களில் படம் பார்க்க வரக் கூடாது. காசு கொடுத்தாலும் கூடாது. உள்ளே இருக்கிறவன் தன் சொந்தக்காரர்களை நல்ல சீட்டுக்குத் தள்ளிவிடுவானாம். பிடிபட்டால் வேலை போய்விடும். தீபாவளிக்கு ஒரு பையனுக்கு அப்படிப் போயும் இருந்தது. "உள்ள வந்தா என்ன கூப்டாதீங்க மாமா, தெரிஞ்ச மாரியே காட்டிக்காதீங்க. ஒங்களுக்கு ஒண்ணாவது ஹாலு, எனக்கு டூட்டி மூணாவது ஹால்ல. ஒண்ணியும் ஆவாது" என்று மாமா நைனாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நைனாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. பிள்ளை எங்கேயாவது உளறிவிடும் என்று பயம். சொல்லாததால்தான் உளறினேன் என்பது வேறு விஷயம்.

பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸில், திருப்பாலைவனம் தாண்டுகிறபோது, நைனா போனில் வந்திருந்த டிக்கெட்டை எனக்குக் காட்டினார். ஜி வரிசை, நடுவில் மூன்று சீட்டு. எங்கள் ஊர்ப் பக்கம் தியேட்டர் என்றால் முண்டியடித்து ஓடி, துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுதான். நம்பர் என்பது எனக்குப் புதிது.

"நாம போறதுக்குள்ள வேற யாராச்சும் உக்காந்துட்டா இன்னா பண்றது நைனா?"

"எப்டி உக்காருவான்? நம்பர் போட்டுக் குடுத்துட்டாங்கன்னா அது நம்ம பாடு."

அந்த ஒரு வார்த்தையை நைனா அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டாம்.

மாலுக்குள் எனக்கு முதலில் உறைத்தது, யாருமே எங்களைக் கூப்பிடவில்லை என்பதுதான். பொன்னேரி பஜாரில் நடந்தால், "வாக்கா, இன்னா வோணும், சும்மா பாரு, வாங்கலன்னாலும் பரவால்ல" என்று கடைக்கடைக்குக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். இங்கே வாசலில் நின்றவர்கள் எங்கள் காலைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். நைனாவுக்கு வேறு கவலை. குளிர்காற்று வீசுகிறது, ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. "வாடைக் காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல, தலைக்கு மேல இருந்து வருதே" என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். அம்மா எந்தக் கடையையும் பார்க்கவில்லை. தூரத்தில் டை கட்டிய யாராவது வந்தால் போதும், எட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது மாடியில் வீட்டு அலங்காரச் சாமான் விற்கிற ஒரு கடை. அதன் முன்பக்கச் சுவரில் ஒரு மீன்வலையைத் தொங்கவிட்டு, சிப்பியும் சங்கும் சொருகி வைத்திருந்தார்கள். வலை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. பேசிக்கொண்டே போன நைனா நின்றார். கிழிந்த இடத்தைக் கையில் எடுத்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது, விரல்கள் தானாக முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டன. உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தது.

"சார், சார், தொடாதீங்க! அது டிசைன் சார்!"

"கிழிஞ்சிக்கீதும்மா" என்றார் நைனா.

"அந்தக் கிழிசல்தான் சார் டிசைன்."

நைனா போட்ட முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அந்தப் பெண்ணை முறைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு கிழிந்த வலை மூலையில் கிடந்தால் அம்மா சும்மா விடமாட்டாள். இங்கே கிழித்து மாட்டி விலையும் போட்டிருக்கிறார்கள், தைத்துக் கொடுக்கிறவரை அதட்டுகிறார்கள். எனக்கு அப்போதே கோபம் ஏறத் தொடங்கிவிட்டது.

தியேட்டருக்குள் போனோம். ஜி வரிசையை நானேதான் கண்டுபிடித்தேன். நடுவில் எங்கள் மூன்று சீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர், அவர் மனைவி, அவர்களுடைய பையன். அவர்களுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு ஆட்களே இன்னும் மூன்று பேர். பையனின் மடியில் ஒரு பெரிய பாப்கார்ன் டப்பா, அண்டா மாதிரி.

நைனா போனை நீட்டினார். "சார், இது எங்க நம்பரு." அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அந்த ஆள் போனைப் பார்க்கக்கூட இல்லை. "எங்களுக்கு இங்க மூணு, முதல் வரிசைல மூணுன்னு பிரிச்சுப் போட்டுட்டாங்க. ஃபேமிலியா வந்திருக்கோம், சேர்ந்து உக்காந்துட்டோம். நீங்க முன்னாடி போய்க்கங்க. எங்க உக்காந்தா என்ன, ஒரே படம்தானே?"

ஒரே படம்தானே! ஒரே படம் என்றால் நீ போக வேண்டியதுதானே முதல் வரிசைக்கு? அவர்கள் ஃபேமிலியாம். நாங்கள் என்ன ரயிலில் வழித்துணையாகச் சேர்ந்தவர்களா? இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

நைனா குதிக்கப் போகிறார், கழியைப் பிடுங்கி எறிவதுபோல இவர்களைப் பிடுங்கி எறியப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். நைனா நீட்டிய போனோடு அப்படியே நின்றார். அப்போது படியில் டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. பின்னால் ஷூ, கறுப்புப் பேன்ட், சிவப்பு டை. மாமா! ஒண்ணாவது ஹால்காரருக்குக் காய்ச்சலாம், கடைசி நேரத்தில் மாமாவை இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். மாமாவுக்குப் பின்னாலேயே கையில் வாக்கிடாக்கியோடு மேனேஜர்.

நான் ஹாலே அதிரக் கத்தினேன். "மாமா! மாமா! நம்ம பாட்டுல வந்து உக்காந்துக்கினு எயுந்திருக்க மாட்றாங்க மாமா!"

பின்வரிசையில் எவனோ, "படமே இன்னும் போடல, அதுக்குள்ள பாட்டா?" என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. எங்கள் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆள் பாப்கார்ன் சிதறச் சிரித்தான். அவனவன் உயிரைக் கொடுத்துக் காக்கிற ஒரு வார்த்தை, அங்கே கேலியாகிப் போனது.

மேனேஜர் சிரிக்கவில்லை. "மாமாங்குது? உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான்.

மாமா டார்ச்சை எங்கள் டிக்கெட் மேல் அடித்தார். அவரே போட்ட டிக்கெட். அதை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். "இல்ல சார்" என்றார். பிறகு நைனாவிடம் திரும்பி, "முதல் வரிசைல மூணு சீட் காலியா இருக்கு சார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார். மேடம், படி பாத்து எறங்குங்க" என்றார்.

மேடம்! தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவைப் பார்த்து மேடம்!

நைனா மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் நைனாவின் முகத்தில் பார்த்ததே இல்லை. "கொயந்த சார். எங்க ஊர்ல போலீஸ்காரரு, கண்டக்டரு, யாரப் பாத்தாலும் மாமான்னுதான் கூப்டும்."

"இல்ல, இவரு எங்க..." என்று நான் ஆரம்பித்தேன். நைனாவின் கை வந்து என் வாயை மூடியது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை, உதட்டில் உரசியது. என்னை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் முதுகில் குத்திக்கொண்டே போனேன். "சரிங்க சார், பரவால்லீங்க சார்" என்று நைனா மாமாவிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

முதல் வரிசையில் உட்கார்ந்தால் படம் தெரியாது. கதாநாயகனின் மூக்குத் துவாரம் தெரியும். சண்டை நடந்தால் ஒருவன் காலைத்தான் பார்க்கலாம், உதைத்தது யார் என்று தெரியாது. ஒவ்வொரு சிரிப்புக் கட்டத்திலும் பின்னால் ஜி வரிசையிலிருந்து அந்த ஆளின் சிரிப்பு தனியாகக் கேட்டது. நான் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, வேண்டுமென்றே சிரிக்கவில்லை. வடிவேலுவைப் பார்த்து எல்லோரும் உருண்டு சிரித்த இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கழுத்து வலி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து மாமாவைக் கறுவினேன்.

இப்போது நான் கறுவுவது மாமாவை அல்ல. காசு கொடுத்து வாங்கிய சீட்டில் உட்காரக் கூடாது, கூடப் பிறந்தவளை அக்கா என்று கூப்பிடக் கூடாது என்று ஒரு சட்டம் போடுகிறவனை என்னவென்று சொல்வது? அப்படிக் காப்பாற்றிய அந்த வேலையாவது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. ஆள் செலவு அதிகம், இனி படியிலேயே விளக்கு எரியும் என்று சொல்லி ஒரே வருஷத்தில் டார்ச் அடிக்கிறவர்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

படம் முடிந்து வெளியே வருகிற வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். போகிறவர்களுக்கெல்லாம் தலை குனிந்து, "தேங்க்யூ சார், தேங்க்யூ மேடம், திரும்ப வாங்க" என்று சொல்வதும் அவர் வேலைதானாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா மட்டும் அவர் எதிரில் நின்றுவிட்டாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். ஷூவிலிருந்து டை வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாக்கீது" என்றாள். பிறகு அவசரமாக, "படம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"தேங்க்யூ மேடம்" என்றார் மாமா.

ரயிலில் அம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கொருக்குப்பேட்டை தாண்டியது. பொறுக்க முடியாமல் நான்தான் வெடித்தேன். "அவரு இனிமே எனக்கு மாமாவே இல்ல!"

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா திரும்பவே இல்லை. நைனா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலையைத் தடவினார்.

"ஆமா, மாமா இல்ல. யாரு வந்து கேட்டாலும் அப்டியே சொல்லணும், இன்னா?"

ஒருவழியாக நைனா என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திருப்தியில், பொன்னேரி வருவதற்குள் தூங்கிப்போனேன்.